வாசல் நிலையைப் பார்த்து அலமாரி செய்வது எப்படி?

புது அலமாரி செய்ய நினைத்து ஆலோசனை கேட்பவர்களை நான் முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகச் சொல்வேன். வாசல் நிலையின் சட்டம் எத்தனை அங்குல அகலம், கதவு ஒரே தட்டையான பரப்பா அல்லது கட்டம் கட்டமாகப் பலகை பதித்ததா, மரத்தின் நிறம் செம்மையா தேன் நிறமா, மெருகு பளபளக்கிறதா மங்கியிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். ஒரு வீட்டின் மர வேலைகளில் பெரியதும் மூத்ததும் அந்த நிலைக்கதவுதான். பின்னால் வரும் சமையலறை அலமாரியும் துணி அலமாரியும் அதனோடு ஒரே கூரையின் கீழ் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கப் போகின்றன. ஆகவே அவை அந்தக் கதவுக்கு உறவுக்காரர்களைப் போல இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் விளக்க விரும்புவது.

நாற்காலியையோ கட்டிலையோ பிடிக்காவிட்டால் இடம் மாற்றிப் போடலாம், விற்றும் விடலாம். அலமாரி அப்படியல்ல, அது சுவரோடு சேர்ந்துவிடும். சமையலறையில் கண்ணில் படும் பரப்பில் பெரும்பகுதி அலமாரிக் கதவுகளாகவே இருக்கும். எனவே கடைக்குப் போய் மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் படித்தாக வேண்டும். சுவரின் கனம், கூரையின் உயரம், தரையின் நிறம், கதவு சன்னல்களின் வடிவம், பகலில் உள்ளே வரும் வெளிச்சம் ஆகியவை சேர்ந்துதான் வீட்டின் பாணி என்று நாம் சொல்வது உருவாகிறது. இவற்றில் சுவரையும் கூரையையும் நாம் மாற்றப் போவதில்லை. மாற்ற முடியாதவற்றுக்கு ஏற்ப, மாற்றக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே நல்ல முறை.

பழைய வீடும் சிமெண்டு வீடும்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும், கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்து முற்றம் வைத்த வீடுகளிலும் சுவர்கள் கனமானவை. அந்தக் கனத்துக்குள்ளேயே அலமாரியைக் குடைந்து வைத்தார்கள். வெளியே தெரிவது ஒரு மரச் சட்டமும் இரண்டு ஒடுக்கமான கதவுகளும் மட்டுமே. அவையும் சுவரின் பரப்புக்கு வெளியே துருத்தி நிற்பதில்லை. இத்தகைய வீட்டில் தரையிலிருந்து கூரை வரை எழும்பும் அகலமான துணி அலமாரியை நிறுத்தினால், தேக்குத் தூணும் உத்திரமும் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் கொண்ட கூடத்தில் அது ஒரு அடைப்பாகவே தெரியும். இருக்கும் சுவர் அலமாரிகளைச் செப்பனிட்டுக்கொண்டு, இன்னும் இடம் வேண்டுமானால் கால் வைத்துத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிய தனி அலமாரிகளைச் செய்துகொள்வதே அங்கே பொருத்தம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய கதவுகளும் சட்டங்களும் விற்கிறார்கள். பல பத்தாண்டுகளாக உலர்ந்த மரம் என்பதால் அது இனித் திருகுவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் அறுக்கக் கொடுப்பதற்கு முன் உள்ளே புதைந்திருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கியாக வேண்டும்.

என் மனத்துக்கு நெருக்கமானவை இரண்டாம் வகை வீடுகள். 1970-களிலிருந்து 1990-கள் வரை நம் ஊர்களில் கட்டப்பட்ட சிமெண்டு வீடுகளைச் சொல்கிறேன். மொசைக் தரை, கம்பி வைத்த மரச் சன்னல், ஏழடி உயரத்தில் சன்னல் மேல்விட்டத்தோடு சேர்ந்து ஓடும் பரண், சமையலறைச் சுவரில் கடப்பாக் கல் தட்டுகள் பதித்த திறந்த அலமாரிகள் என்று அவற்றுக்கென ஓர் அழகு உண்டு. அந்த வீடுகளைப் பாணி இல்லாதவை என்று நினைத்து, புதுப்பிக்கும்போது கல் தட்டுகளை உடைத்தெடுத்துவிட்டு ஒட்டுப்பலகைப் பெட்டிகளை வரிசையாக மாட்டிவிடுகிறார்கள். நான் இதை மனப்பூர்வமாக எதிர்க்கிறேன். கடப்பாக் கல்லைக் கரையான் தின்னாது, தண்ணீர் பட்டால் அது உப்பாது, இருபது கிலோ அரிசி டின்னை வைத்தாலும் வளையாது. ஓர் அலமாரியின் உட்பகுதி செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு முகம் மட்டுமே தேவை.

அந்த முகத்தை அமைப்பது கடினமான வேலையும் அல்ல. கல் தட்டுகளின் திறப்பைச் சுற்றி இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு மரச் சட்டம் அடித்து, அதில் கீல் வைத்துக் கதவுகளை மாட்ட வேண்டும். ஆனால் இத்தகைய திறப்புகள் பெரும்பாலும் நேர்சதுரமாக, அதாவது நான்கு மூலையும் செங்கோணமாக, இருப்பதில்லை. மேலே மூன்றடியாக இருப்பது கீழே இரண்டடி பதினொன்றேகால் அங்குலமாக இருக்கும். ஆகையால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் அகலத்தையும், இரு பக்கத்தில் உயரத்தையும், மூலைக்கு மூலை குறுக்களவையும் எடுக்க வேண்டும். அகலங்கள் ஒன்றுக்கொன்று சமமாகவும், இரு பக்க உயரங்கள் சமமாகவும், குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாகவும் இருந்தால் திறப்பு நேர்சதுரம். வேறுபட்டால் அந்தக் கோணலைச் சட்டம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், கதவு வாங்கக் கூடாது. சட்டத்தைச் சுவரோடு ஒட்டும் பக்கத்தில் மட்டும் இழைத்துச் சரிக்கட்டிவிட்டு, கதவை நேர்சதுரமாகவே செய்யச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு. கூரை பத்தடிக்குள் இருக்கும், சுவர் மெல்லியது, தரை வெளிர் நிற டைல்ஸ், உள் கதவுகள் தட்டையான ஃபிளஷ் கதவுகள். அங்கே செதுக்கலும் குமிழும் வைத்த கதவுகள் இடத்தை நெருக்கும். தட்டையான கதவு, மேலிருந்து கீழாக ஓடும் மர ரேகை, மெல்லிய கைப்பிடி ஆகிய மூன்றும் போதும். துணி அலமாரியின் கதவு மேல்விளிம்பை அறைக் கதவு நிலையின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் நிறுத்தி, அதற்கு மேலுள்ள பரண் கதவுகளைச் சுவரின் நிறத்திலேயே விட்டுவிட்டால் அறை உயரமாகத் தெரியும். அந்த ஒரு மட்டக்கோடு எந்த வகை வீட்டுக்கும் பொருந்தும்.

கதவின் அமைப்பு

அலமாரியின் பாணியைத் தீர்மானிப்பது அதன் கதவு. அடிப்படையான கதவு வகைகளில் ஒன்று, சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு. நான்கு பக்கமும் சட்டம் கட்டி, அதன் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, நடுவே பலகையைச் செருகுவது. இன்னொன்று தட்டைக் கதவு. சட்டத்துக்குள் பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி, பிரம்புப் பின்னல், கம்பி வலை ஆகியவற்றை வைப்பது முதல் வகையின் கிளைகள். நம் பாட்டிமார் பாலையும் தயிரையும் பூனைக்கு எட்டாமல் வைத்த வலை பீரோவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காற்றோட்டம் வேண்டிய வெங்காயம், உருளைக்கிழங்கு அலமாரிக்கு இன்றும் அதைவிடப் பொருத்தமான கதவு இல்லை.

சட்டமும் பலகையும் சேர்ந்த அமைப்பை அழகுக்காக மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பங்குனி, சித்திரையில் சுருங்கும். தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. அப்படியிருந்தும் ஓரடி அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறினால், அகலத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வேறுபாடு வரலாம். இந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் பலகையைக் காடிக்குள் பசையில்லாமல், பக்கத்துக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு மிதக்க விடுகிறார்கள். சட்டத்தின் மூலைகளில் ஒரு கட்டையின் மெலிந்த முனையான கழுந்தை மற்றதன் துளைக்குள் செருகிப் பசை வைத்து இறுக்குவார்கள். நடுப்பலகையை இறுக்க மாட்டார்கள்.

இது தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் என் பெற்றோர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பூஜை அலமாரிக்கு இரண்டு கதவுகள் செய்துகொடுத்த ஒரு பட்டறையில், பலகை ஆடுகிறதே என்று அதைக் காடிக்குள் பசை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். மரமும் சரியாக உலராத மரம். முதல் சித்திரையிலேயே வலது கதவின் நடுவே மேலிருந்து கீழாக, விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு விழுந்தது. அதில் குங்குமமும் விபூதியும் படிந்துவிடும் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துணி முனையைத் திரி போலத் திரித்து உள்ளே விட்டுத் துடைப்பார். ஆகவே புதுக் கதவு கைக்கு வந்ததும் நடுப்பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மயிரிழை அளவு நகர்ந்தால் அது சரியாகச் செய்த கதவு.

அளவு விகிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாசல் கதவின் சட்டம் நான்கு அங்குலம் என்றால், அலமாரிக் கதவின் சட்டம் இரண்டு முதல் இரண்டரை அங்குலம் இருந்தால் பார்வைக்கு இயல்பாக இருக்கும். மேற்சட்டத்தைவிடக் கீழ்ச்சட்டம் சற்று அகலமாக இருக்கட்டும். பழைய நிலைக்கதவுகளை அளந்து பார்த்தால் இந்தப் பழக்கம் தெரியும். கீழே கனம் இருந்தால்தான் கதவு நிற்பது போலத் தோன்றும், இல்லாவிட்டால் தொங்குவது போலத் தோன்றும். வாசல் கதவில் பலகைக் கட்டங்கள் நின்ற செவ்வகமாக இருந்தால் அலமாரியிலும் அப்படியே வையுங்கள். வளைவோ செதுக்கலோ அங்கே இல்லையென்றால் இங்கே புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

சமையலறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நாம் நாள்தோறும் தாளிக்கிறோம், பொரிக்கிறோம். எண்ணெய் ஆவி ஆழமான பள்ளங்களிலும் செதுக்கல்களிலும் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, ஓராண்டில் பிசுக்காகிவிடும். கூடத்து அலமாரியில் எடுப்பான பட்டை வேலை இருந்தாலும், அடுப்படியில் சட்டத்தின் உள்விளிம்பு சாதாரணமாக, ஒரு துணியால் ஒரே இழுப்பில் துடைக்கும்படி இருக்கட்டும்.

எந்த மரம்?

தேக்கைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. மரத்தின் நடுப்பகுதி வயிரம். வெளிச்சுற்றில் வெளிர் நிறமாக இருப்பதை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். கரையானையும் ஈரத்தையும் தாங்குவது வயிரம் மட்டுமே. தேக்கின் வெள்ளையைப் பூச்சி தாராளமாக அரிக்கும். மியன்மார் 2014-இல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. பழைய பர்மா தேக்கின் பெயரைச் சொல்லி இன்று விற்கப்படுவது எல்லாம் அந்தத் தரம் என்று நம்பிவிடக் கூடாது. தோட்டங்களில் வளர்த்து இளமையில் வெட்டிய தேக்கில் வெள்ளை அதிகம். பாலிஷ் போட்டு நிறம் ஏற்றிவிட்டால் வெள்ளையும் வயிரமும் ஒன்று போலத் தெரியும் என்பதால், மரத்தைப் பாலிஷ் போடுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

வேங்கை உறுதியானது, நிலைகளுக்கு ஏற்றது. ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கிப் பக்கத்துச் சுவரில் கறை ஏற்படுத்தும். படாக் செந்நிறம் கொண்டது, நாளாக ஆகக் கறுத்துச் செம்பழுப்பாகும். வேம்பு கிராமங்களில் கதவுக்கும் பெட்டிக்கும் காலங்காலமாகப் பயன்படுவது. பலாவை நான் மிகவும் விரும்புவேன். தஞ்சாவூர் வீணையைச் செய்வது அந்த மரத்தில்தான். புதிதாக இழைத்தால் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப் படத் தேன் நிறத்துக்கும் பின்னர் பழுப்புக்கும் வரும். சிவப்புக் காவித் தரையுள்ள வீட்டில் பலா அலமாரி ஐந்தாறு ஆண்டுகளில் தரையோடு உறவாடத் தொடங்கிவிடும். ரப்பர் மரம் வெளிர் நிறம், விலை குறைவு. மருந்தூட்டியதாக இருந்தால் படுக்கையறைக்குப் போதும், தண்ணீர் படும் இடத்துக்கு வேண்டாம்.

தேக்கு கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. கணக்கு எளிது: நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஏழடி நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள சட்டம் 7 × 3 × 1, அதாவது 21. 144-ஆல் வகுத்தால் 0.146 கன அடி. இழைப்பில் கனம் குறையும் என்பதால், முடிந்த நிலையில் ஓர் அங்குலம் வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கணக்கிடுங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால், அலமாரி முழுவதையும் கட்டை மரத்தில் செய்ய வேண்டியதில்லை என்பது விளங்கும். கண்ணுக்குத் தெரியும் சட்டமும் கதவும் நல்ல மரமாக இருந்து, உட்பெட்டி பிளைவுட்டாக இருந்தால் போதும்.

பிளைவுட்டில் மேலே அச்சிட்டிருக்கும் தர எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது, ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. தொட்டிக்குக் கீழும் அடுப்பு மேடைக்குக் கீழும் பின்னது இருக்கட்டும். எவ்வளவு நல்ல பிளைவுட்டானாலும் தரையில் நேராக உட்காரக் கூடாது. நாம் சமையலறைத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். நான்கு அங்குல உயரக் கல் திண்டின் மேலோ துருப்பிடிக்காத கால்களின் மேலோ பெட்டி நிற்க வேண்டும். அழுத்திய மரத்தூள் பலகையின் வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் ஏறினால் அது ஊதி உதிர்ந்துவிடும் என்பதால், சமையலறைக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

மேற்பூச்சைப் பொறுத்தவரை, வெனீர் என்பது உண்மையான மரத்தை மெல்லிய தாளாகச் சீவிப் பலகையில் ஒட்டியது. லேமினேட் என்பது மர ரேகையை அச்சிட்ட தாளைப் பிசினில் அழுத்தியது. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் தேக்கு அச்சிட்ட லேமினேட்டை உண்மையான தேக்கு நிலைக்கு எதிரே வைக்காதீர்கள். உண்மை மரம் ஆண்டுதோறும் நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். அச்சு அன்று இருந்தபடியே இருக்கும். வேறுபாடு கூடிக்கொண்டே வரும். செலவைக் குறைக்க லேமினேட்தான் வேண்டுமென்றால், மோர் வெள்ளை, சாம்பல், இலைப்பச்சை என்று ரேகையில்லாத நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பிடியையோ ஓரப் பட்டையையோ மட்டும் வாசல் கதவின் மரத்தில் வையுங்கள். மொசைக் தரையில் தெறித்திருக்கும் கல் துணுக்குகளுள் ஒன்றின் நிறத்தை எடுத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி.

கட்டை மரத்துக்கு மெருகு ஏற்றும்போதும் வாசல் கதவே அளவுகோல். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் ஃபிரெஞ்சு பாலிஷ் பழைய வீடுகளுக்கு இசைவானது, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம்; ஆனால் சூடும் தண்ணீரும் பட்டால் வெளிறும். சமையலறைக்குப் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு நல்லது, அதில் பளபளப்பு இல்லாத வகையைக் கேளுங்கள்.

இவ்வளவையும் தீர்மானித்த பின், இரண்டடிக்கு ஓரடி அளவில் மெருகு முடித்த மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தரையில் படுக்க வைத்துப் பார்க்காமல், அலமாரி வரப்போகும் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைத்து, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். வெள்ளை விளக்கின் கீழ் செம்மை கலந்த மரங்கள் கறுத்துப் போகும். மஞ்சள் விளக்கின் கீழ் தேன் நிற மரங்கள் ஒளிரும். அதன் பிறகு எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் செய்யச் சொல்லாமல், ஒரே ஒரு கதவை முதலில் செய்து மாட்டச் சொல்லுங்கள். அதைத் திறந்து மூடி, எண்ணெய்க் கையோடு பிடித்து, ஈரத்துணியால் துடைத்து ஒரு மாதம் பழகுங்கள். கைப்பிடி இரண்டு அங்குலம் கீழே இருந்திருக்கலாம், சட்டம் கால் அங்குலம் மெலிந்திருக்கலாம் என்று தோன்றும் திருத்தங்களைச் சுவரிலேயே பென்சிலால் குறித்து வைத்து, ஆசாரி மறுபடி வரும்போது காட்டுங்கள். மற்றக் கதவுகள் அந்தக் குறிப்பின்படி வரட்டும்.